பெட்டி மேல் கவிழ்த்த போசி

"ஹலோ... ஹலோ, ராஜுலுங்களா? நாந்தானுங்க, பக்கத்தூட்டு மயில்சாமி... ஆமாங்க, ஆமா, மொட்டைமாடிலதான் நிக்கறேன்... கை ஆட்டாதீங்க, தெரியுது... நேர்ல வாரதுக்கு மூஞ்சி வேணுமில்லீங்க, அதான் போன்ல..."

மயில்சாமி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். விடிந்தால் கார்த்திகை. இடப்பக்கம் சுந்தரராஜுலு வீட்டில் சீரியல் விளக்குகள் அலையலையாய் ஓடின. இவர் வீட்டிலும், வலப்பக்கம் ராஜுலுவின் மகள் மானசா வீட்டிலும் அவை அணைந்து கிடந்தன. வயரே இல்லாமல் அப்பன் வீட்டுச் சிக்னல் மகள் வீட்டுக்குப் போக வேண்டும், மூன்று வீடும் ஒரே தாளத்தில் எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. சிக்னலை நடுவில் வாங்கிக் கைமாற்றிவிடும் பெட்டி மயில்சாமியின் மாடியில் இருந்தது.

"எலக்ட்ரீசன் ரசாக்கு விசயமாத்தானுங்க... என்னது, வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டீங்களா? எப்ப?... 'இனி நம்ம நகர்ல யாரும் ரசாக்கைக் கூப்பிட வேண்டாம்'னா? அட, ஏனுங்க இத்தன அவசரம்!... இருங்க, இருங்க. மூணு தடவ ரிப்பேருக்கு வந்தானில்ல? எங்க மாடிக்கு ஏறுனப்பெல்லாம் எரிஞ்சுது. எறங்கிப் போனதும் நின்னுபோச்சு... பொய் சொல்லலீங்க அவன். நெசமாவே எரிஞ்சுது."

பெட்டியின் பக்கம் நகர்ந்தார்.

"ம்?... எம்பொண்டாட்டி சின்னாத்தாளா? சுகந்தானுங்க, கீழ அகல்வெளக்குக் கழுவீட்டிருக்கறா... சொல்றேன், சொல்றேன். சொல்லத்தான கூப்புட்டேன். அந்தப் பெட்டி மேல போசியக் கவுத்து வெச்சது நாந்தானுங்க... போசிங்க, போசி! எவர்சில்வர் பாத்திரமுங்க... மழைக்கில்லீங்க. ஒட்டுக் கேக்கும்னு... பெட்டிதான்! ஆன்டெனாக் கொம்ப நீட்டிட்டு உங்கூட்டப் பாத்தே நின்னா வேறென்னன்னு நெனைக்கறது? நாங்க இங்க உக்காந்து உங்களப் பத்தி நாலு வார்த்த பேசுவம்... என்ன பேசுவமா? அது இப்ப எதுக்குங்க!... சிரிக்காதீங்க ராஜுலு. சிரிக்கற விசயமில்ல."

பக்கத்து மாடிச் சிரிப்பு போன் இல்லாமலே கேட்டது. அது அடங்கும்வரை பொறுத்தார்.

"அவன் பெல்லடிச்சதும் மேல ஓடிவந்து போசியத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சுப்போடுவேன். ஒரு பெட்டிக்குப் பயந்தவன்னு தெரிஞ்சா மானக்கேடில்லீங்களா? அவன் போனதும் மறுக்காக் கவுத்துருவேன்... ஆமாங்க, ஆமா, மூணு தடவையும்... மொத ரெண்டு தடவ எனக்கும் வெவரம் தெரியாதுங்க, சத்தியமா. மூணாந்தடவ அவனே சொன்னான், 'கொம்புக்கு முன்னால தகரமோ இரும்போ இருந்தா சிக்னல் போவாதுங்கய்யா'ன்னு. அப்பத் தெரிஞ்சுபோச்சு... தெரிஞ்சுந்தானுங்க சும்மா இருந்தேன். நீங்க ரோட்டுல நிறுத்தி அவனத் திட்டுனீங்களே, இந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் நின்னேன். மேல பாத்தானுங்க. டூல்ஸ் பைய எடுத்துட்டுப் போயிட்டான்."

குனிந்து போசியைத் தூக்கினார். ஒரு மூச்சு விடுவதற்குள் இவர் வீட்டு விளக்குகள் சிலிர்த்து ஓடின. அலை தாவிப் போய் மானசா வீட்டு வாசல்வரை விழுந்தது. யாரோ பிள்ளைகள் தெருவில் கூவினார்கள்.

"... எரியுதில்ல? இம்புட்டுத்தானுங்க... என்னங்க? நமக்குள்ளயே இருக்கட்டுமா?... தானாச் செரியாயிருச்சுன்னு சொல்லிக்கறதா?"

கையிலிருந்த போசியைப் பார்த்தார். நல்ல வழிதான். இத்தனை நாள் அதே வழியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க. அவன் பேரு அங்க குரூப்புல கெடக்குதே, அது தானாப் போயிருமா?... புதுசா இன்னொருத்தன் வாரானா? வந்து என்னத்தப் புடுங்கப் போறான், அதான் எரியுதே!... நீங்க எழுதலீன்னா நான் பேசிப் போடுவேன். எழுதத்தான் தெரியாது, அந்த மைக்க அமுக்கத் தெரியும்... அசிங்கந்தான். எனக்குத்தான அசிங்கம்? உங்களுக்கென்ன வந்துது... ஓ. ரோட்டுல திட்டுனது நீங்கன்னா?... அது உங்க பாடு ராஜுலு... ஹலோ?... ஹலோ?"

பக்கத்து மாடியில் ராஜுலு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மயில்சாமி போசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரையைத் தடவினார். மைக்கைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"ஏனுங்க... எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணாம் வீதி மயில்சாமி பேசறேன். இதக் கேட்டுப்போட்டு, யாராச்சும் ரசாக்குக்கும் போட்டுக் காட்டீருங்க..."