மஞ்சள் துளையில் சிவப்பு முனை

வயரை வெட்டுவதற்குச் சமையலறைக் கத்தரிக்கோல் லாயக்கில்லை, தாரோகா பாபு. மேலுறை நசுங்குமே தவிர உள்ளே இருக்கும் செம்பு அறுபடாது. புது டி.வி.யின் பின்னால் குனிந்து, வியர்க்க வியர்க்க வெள்ளை வயரை நசுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் டோலன் படியேறி வந்துவிட்டாள்.

“என்ன பபேஷ்தா, எலி புடிக்கிறியா?” என்றாள்.

டோலன், மாஷிமாவின் அண்ணன் மகள். அந்த டி.வி. அவள் அத்தைக்குக் கொடுத்த பூஜைப் பரிசு. அவள் கொடுக்காமல் இருந்திருந்தால் நான் இப்போது இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாஷிமா என்று கூப்பிட்டாலும் அவர் என் சொந்தச் சித்தி இல்லை. அவர் வீட்டின் கீழ் அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா போன பிறகு நான் மட்டும் தங்கினேன். அவர் என்னிடம் வாடகை கேட்கவில்லை. மேலே கூப்பிட்டுச் சோறு போட்டார். ருயி மீன் வாங்கிய நாளில் அதன் தலை அநிமேஷ் தட்டுக்குப் போகும், நடுத்துண்டு என் தட்டுக்கு வரும். அவன் அவருடைய ஒரே மகன், என் வயதுக்காரன். நான் குறை சொல்லவில்லை. ஒரு மீனுக்கு ஒரு தலைதானே.

தசமி அன்று துர்கையைக் கரைக்கும்போது அநிமேஷ் கங்கையில் மூழ்கினான். அது உங்கள் ஸ்டேஷன் கோப்பிலேயே இருக்கும். தெருப் பையன்கள் எல்லோரும் சிலையோடு தண்ணீரில் இறங்கினார்கள். கரைத்து முடித்தவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு படகு நின்றது. நான் படித்துறையின் மேல்படியில் நின்று அவர்கள் வீட்டு வீடியோ கேமராவில் படம் எடுத்தேன். படகு ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்று அன்றைய தாரோகா கேட்டார். மேலே இருந்து யாரோ குரல் கொடுத்ததாக மாஜி, அந்தப் படகுக்காரர், சொன்னார். தாக் மேளத்தின் இரைச்சலில் யார் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று கேமரா என் கை தவறிப் படியில் விழுந்தது. அதன் குட்டித் திரையும் ஒலிபெருக்கியும் செத்துவிட்டன. நாடா மட்டும் ஓடியது. மாஷிமா அதைக் கேமராவோடு எடுத்துச் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டார். காரியம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“பாபா, டி.வி.ல போட்டா அவன் பேசறது கேக்கும்னு சொல்றாங்களே. ஒரு வயர் வாங்கிட்டு வாயேன். ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்.”

பாபா. அதுவரை அநிமேஷை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

கல்கத்தா சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். கேமராவில் செருக ஒரு முனை, டி.வி.யில் செருக மூன்று முனைகள்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஆனால் கேமராவுக்குக் கேமரா உள்ளே வரிசை மாறும். கடைக்காரர் நேர்மையான ஆள்.

“அண்ணா, இது உங்க கேமராவுக்கு ஆகாது. கலர் பாத்துப் போட்டீங்கன்னா படமே வராது. படம் செவப்பு முனையில வரும். அப்புறம் என்னை வந்து திட்டக்கூடாது.”

“திட்டமாட்டேன், அதையே குடுங்க” என்றேன்.

மாஷிமாவின் பழைய டி.வி.யில் துளைகள் இரண்டு வரிசை. சிவப்பு முனையை முதல் வரிசையின் மஞ்சள் துளையில் செருகினேன். படம் வந்தது. மற்ற இரண்டையும் கீழ் வரிசையில் செருகினேன். அந்த வரிசையை டி.வி. கவனிக்காது. எட்டிப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் மாட்டியிருப்பதுபோல் தெரியும். நாடாவில் ஒலி அழிந்துவிட்டது என்றேன். ஒருமுறை மாஷிமா தெருக்கோடி டி.வி. மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவன், ‘யாருங்க இப்படி மாத்தி மாட்டினது’ என்று சிரித்துவிட்டு, நிறத்துக்கு நிறம் செருகினான். படமும் போய், படத்தின் சிக்னல் ஒலித் துளையில் ஏறி, மற்ற எல்லாவற்றையும் அமுக்கும் இரைச்சல்தான் வந்தது. மாஷிமா பதறி அவனைத் துரத்தினார். அதன்பிறகு என்னைத் தவிர வேறு யாரையும் தொட விடவில்லை.

நாடாவையே ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். அழித்தால் மகன் முகம் அவருக்கு எப்படித் தெரியும்? நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை.

வருடா வருடம் தசமிக்கு அந்த ஊமைப் படம் ஓடும். கழுத்தளவுத் தண்ணீரில் அவன் இந்தப் பக்கம் திரும்பி வாயசைப்பான். மாஷிமா திரையைத் தடவுவார்.

“என்ன பாபா சொல்றான்? மான்னா கூப்பிடறான்?”

“ஆமா மாஷிமா. உங்களைத்தான் கூப்பிடறான்.”

அழுது முடித்து எழுந்துபோய் எனக்குச் சோறு போடுவார். விதவை, அவர் மீன் தொடமாட்டார். தலை என் தட்டுக்கு வரும்.

புது டி.வி.யில் ஒரே வரிசைத் துளைகள்தான். ஒளித்து வைக்க இடமில்லை. அதனால்தான் கத்தரிக்கோல்.

“இது ரெண்டும் ஏன் சும்மா தொங்குது?” என்றாள் டோலன்.

“செத்த வயரும்மா.”

“செத்துதா இல்லையான்னு போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுடும். நீ தள்ளு. அரைமணி நேரமா குனிஞ்சு கெடக்கற, கெழவன் மாதிரி.”

நான் செருகியிருந்த சிவப்பை மஞ்சளிலேயே விட்டாள். மஞ்சளை எடுத்து வெள்ளைத் துளையில் அழுத்தினாள். தாக் மேளம் அறையையே உடைத்துக்கொண்டு வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த மாஷிமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளைக் கூப்பிக்கொண்டார். இத்தனை வருடங்களில் அந்த முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அது.

அநிமேஷ் திரும்பினான். அவன் மா என்று சொல்லவில்லை.

“பபேஷ்! செலை மூங்கில்ல கால் மாட்டிக்கிச்சுடா! மாஜிகிட்ட சொல்லு!”

அடுத்து வந்ததை டோலன் நிறுத்தப் போனாள். மாஷிமா விடவில்லை. திரும்ப ஓட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அழவில்லை.

“இது உன் குரல்தானே?”

பாபா என்று சொல்லவில்லை.

எனக்காக எடுத்துவைத்திருந்த தட்டை அவர் மூடுவதைப் பார்த்துவிட்டு, நானே நடந்து இங்கே வந்தேன். நான் அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை. அவன் போன பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு மகனாக இருந்தேன், அவ்வளவுதான். வேண்டுமானால் நீங்களே கேட்டுப் பாருங்கள். கேமராவின் காதுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதைப் பிடித்திருப்பவனின் வாய். அதனால் மேளத்தையும் மீறித் தெளிவாகவே கேட்கும்.

முதலில், கீழே இருந்து படகுக்காரர்: “மேல நிக்கிற தம்பி, தண்ணியில இன்னும் யாராச்சும் இருக்காங்களா?”

பிறகு நான்: “இல்ல மாஜி, எல்லாரும் ஏறியாச்சு. படகைத் திருப்புங்க.”