மூன்று பைகளில் ஒரே மண்

அக்கா, அத்தை அறைக் கதவு மறுபடியும் மூட மாட்டேன் என்கிறது. மூன்று நாளாக மழை, மரம் ஊதியிருக்கும் என்று அப்பா காலையில் விளிம்பை இழைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் மேல் மூலையில் என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி, கீழே தரையில் இடிக்கிறது. ஊதுகிற மரம் ஒரு பக்கமாகவா ஊதும்? அப்பா ஓர் அட்டையை மடித்துச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஹாஸ்டலுக்குப் போனதும் நம் அறையிலிருந்த உன் கட்டில் அத்தைக்குப் போனது. அத்தை நல்லவர்தான். ஆனால் அவர் குறட்டை விட்டால் அலமாரியில் இருக்கிற டம்ளர் ஆடும். எனக்கு யார் மெசேஜ் அனுப்பினாலும், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படித்துவிடுவார்.

"யாருடி இவன், 'ம்'னு மட்டும் அனுப்புறான்? எழுத்துக்குப் பஞ்சமா?"

எட்டு மாதம் இப்படி.

பின்பக்கச் சரிவில் அத்தைக்குத் தனி அறை கட்டலாம் என்று அப்பா சொன்ன அன்று, சாமி இருக்கிறது என்று நம்பினேன். கொத்தனார்தான் முட்டுக்கட்டை போட்டார். "சரிவுல கட்டுறதுன்னா மண்ணைப் பாக்காம நான் கரண்டியத் தொட மாட்டேன் சார்."

மண் பரிசோதிப்பவர் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி சரிவை எட்டிப் பார்த்தார். மரங்கள் எல்லாம் அடியில் வளைந்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை; மண் நகர்கிறதோ என்று சந்தேகம்.

"மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அறை வர்ற இடத்துல ஒண்ணு. இடுப்பளவு தோண்டி அடிமண்ணை எடுங்க. பைல போட்டு நம்பர் எழுதி அனுப்புங்க. கீழ்க்குழியில தண்ணி ஊத்தி, எப்ப வத்துதுன்னும் பாத்துச் சொல்லுங்க. வத்தாம நின்னா அங்க கட்டக் கூடாது."

"ஆள் எதுக்கு? எம்பொண்ணு தோண்டுவா. லீவுல மோட்டுவளையத்தான் பாத்துட்டிருக்கா" என்றார் அப்பா.

தக்காளிப் பாத்திக்காக லாரியில் வந்து இறங்கிய செம்மண் குவியல் இருந்ததே, அதிலிருந்து மூன்று பைகளையும் நிரப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக எழுதினேன்.

மண் பரிசோதிப்பவர் போனில் கேட்டார். "என்ன சார், மூணும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கு?"

அப்பாவுக்கு ஒரே பெருமை. "நம்ம குடும்பமே அப்படித்தாங்க, ஒத்துமை."

"தண்ணி?"

அப்பா என்னைப் பார்த்தார். "அரை மணியில வத்திடுச்சுப்பா" என்றேன்.

சோம்பேறிக் கழுதை என்றுதானே நினைக்கிறாய்? நானும் இத்தனை நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் தோண்டினேன், அக்கா. மூன்றையும் கையில் கொப்புளம் வரத் தோண்டினேன். கீழ்க்குழியில் ஒரு சாணுக்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். உருட்டினால் உடையாமல் கயிறு மாதிரி நீண்டது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் அது அப்படியே நின்றது, உள்ளே ஒரு தவளையோடு. நம் வீட்டில் தனி அறை கிடைத்த முதல் ஜீவன் அதுதான்.

அந்த மண்ணை அனுப்பியிருந்தால் அறை இல்லை. அத்தை என் அறையிலேயே இருந்திருப்பார். அதனால் குழிகளை மூடி நன்றாக மிதித்துவிட்டேன். தவளையை வெளியே எடுத்து விட்ட பிறகுதான் மூடினேன். அந்த அளவுக்கு எனக்கு ஈரம் உண்டு.

அறைக்குக் குடிபோன அன்று அத்தை என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்தங்கம் கொப்புளம் வரத் தோண்டிப் பாத்த இடம் இது." அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதற்குள் அவர் கட்டில் இருந்த இடத்தில் நான் மேசை போட்டுவிட்டேன்.

இன்று சாப்பிட்டுவிட்டு அறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் விட்ட பிளவில் என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. காலையில் அது இல்லை.

அத்தை ஜன்னலில் வந்து நின்றார். "மழையில என்னடி பண்றே?"

"தவளை பாக்குறேன் அத்தை."

"பிடிச்சு வை. அந்த 'ம்' பையனைவிட அதாவது ரெண்டு வார்த்தை பேசும்."

சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தார்.

என் கதவிலிருந்து அத்தை கதவுக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். போய் எழுப்பலாம். எழுப்பினால் அப்பா ஏன் என்று கேட்பார். அதோடு அத்தை எங்கே படுப்பார்? இங்கேதான். மேசையை நகர்த்த வேண்டும். எப்படியும் விடிவதற்குள் மழை விட்டுவிடும்.

இதை எழுத ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜன்னல் வழியாகக் குறட்டை கேட்கிறது. அது கேட்கிறவரை பயமில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அக்கா, நான் காத்திருப்பது அது தொடர்வதற்கா, நிற்பதற்கா?