சைக்கிளுக்கு லோடு

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒல்லியானவர் சைக்கிள் வாங்கப் போகிறார். கூட வருவது அவர் மச்சினன். கனத்த உடம்பு. சீட்டில் முக்கால்வாசி அவருக்கே போய்விட்டது.

“மாமா, எனக்கு சைக்கிளப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க. என்னைய எதுக்குக் கூட்டியாந்தீங்க?”

“லோடுக்கு.”

நான் காதைக் கொடுத்தேன்.

“லோடு ஏத்திப் பாக்காம லாரி வாங்குவமா, மாப்ள? இது முன்னாலயும் ஸ்பிரிங், பின்னாலயும் ஸ்பிரிங். மலையில ஓட்டற சைக்கிளு. நீ உக்காந்து எந்திரி. அமுந்த ஸ்பிரிங் திரும்ப மேல வந்தா வாங்கிக்கலாம்.”

“வரலைன்னா?”

“அடுத்ததுல உக்காரு. கடைக்காரன் பதினெட்டாயிரத்துக்குள்ள நாலு வச்சிருக்கறான்.”

“நாலும் அமுந்துட்டா?”

“முன்னால மட்டும் ஸ்பிரிங் வச்சது ஒண்ணு இருக்குது. கெட்டியாம். மனசில்லாம அத வாங்கோணும். போன சைக்கிளு தோட்டத்துத் தடத்துலயே ஒடிஞ்சுது. இதும் ஒடிஞ்சா அப்புறம் நடைதான்னு உங்கக்கா சொல்லிப்போட்டா.”

கண்டக்டர் வந்தார். ஒல்லியானவர், “சேலம் ஒண்ணு” என்றார்.

“மாமா, லோடுக்கு வாடகை நீங்கதானுங்க தரோணும்.”

அவர் மச்சினனைப் பார்த்தார். பிறகு இரண்டு டிக்கெட் வாங்கினார்.

“எறங்குனதும் பிரியாணி வாங்கிக் குடுத்துருங்க.”

“கடைக்குப் போயிட்டு வந்து தின்னுக்கலாம்.”

“காலி வயித்துல உக்கார வச்சு வாங்கி, அது ஒடிஞ்சா அக்காளுக்கு என்னங்க சொல்லுவீங்க?”

ஒல்லியானவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சரி. முட்டையும் சேத்து வாங்கிக்க.”