காப்புக் கட்டின கை

காளீஸ்வரி: அப்ப பேரிங்கு எங்க?

ஜெயபாண்டி: எந்தப் பேரிங்கு?

காளீஸ்வரி: விடியக்காலம் பஸ்ஸேறி அருப்புக்கோட்டைக்குப் போனீகளே, கெணத்து மோட்டாருக்குப் பேரிங்கு வாங்க. அது.

ஜெயபாண்டி: கட பூட்டிக் கெடந்துச்சு.

காளீஸ்வரி: டவுனு பூராவுமா?

ஜெயபாண்டி: புருசன் வெயில்ல வந்துருக்கானே, ஒரு சொம்பு மோரு குடுப்போம்னு இல்ல...

காளீஸ்வரி: குடுப்பேன். காப்புக் கட்டுன நாள்லருந்து பொழுது சாயாம வாயில ஒண்ணும் வைக்க மாட்டேன்னவுக நீங்க. இன்னைக்கு மட்டும் என்ன மோரு?

ஜெயபாண்டி: ...சும்மா கேட்டேன்.

காளீஸ்வரி: இந்த வேக்காட்டுல முழுக்கைச் சட்ட வேற. கழட்டுங்க, அலசிப் போடுறேன்.

ஜெயபாண்டி: இருக்கட்டும்.

காளீஸ்வரி: விடிஞ்சா அக்கினிச்சட்டி எடுக்கப் போறவுக, இப்பிடி வேர்த்து ஊத்திக்கிட்டு...

ஜெயபாண்டி: காளி... நாளைக்கு நான் சட்டி எடுக்கல.

காளீஸ்வரி: எனக்கு வயித்துல கட்டி எடுத்தப்ப, இவ பொழச்சா மூணு வருசம் சட்டி எடுக்கேன்னு மாரியம்மாகிட்ட நேர்ந்தது நீங்க. இது மூணாவது வருசம்.

ஜெயபாண்டி: தெரியும்டி. பஸ்ஸு நம்ம ரெட்டியபட்டி வந்து எறங்குற வரைக்கும் அத நெனச்சு அழுகையா வந்துச்சு.

காளீஸ்வரி: கையக் காட்டுங்க.

ஜெயபாண்டி: எதுக்கு?

காளீஸ்வரி: சட்டையச் சுருட்டுங்கன்னா... இது என்ன, பஞ்ச வச்சு ஒட்டிருக்கு?

ஜெயபாண்டி: ரத்தம் எடுத்தாக.

காளீஸ்வரி: யாருக்கு?

ஜெயபாண்டி: நீ என்னைய வையக்கூடாது.

காளீஸ்வரி: யாருக்குன்னேன்.

ஜெயபாண்டி: தங்கலட்சுமிக்கு. பேறுகாலத்துல ரத்தம் நிக்கலயாம். அந்த குரூப்பு லேசுல கெடைக்காதாம், எனக்கும் அதுதான். ஆசுபத்திரியிலருந்து நர்ஸு போன் போட்டுச்சு.

காளீஸ்வரி: உங்க தம்பி பொண்டாட்டிக்கு.

ஜெயபாண்டி: ஆமா.

காளீஸ்வரி: கொலசாமி பொங்கல்ல மூத்தவ நான் நிக்கயில, முந்திக்கிட்டு மொதப் பானைய வச்சாளே... அவளுக்கு.

ஜெயபாண்டி: ஆமாங்குறேன்ல.

காளீஸ்வரி: அவ வீட்டு நல்லது கெட்டதுக்கு எங்க கால் மிதிக்காதுன்னு நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனது...

ஜெயபாண்டி: நாலு வருசமா அத மறந்தா இருக்கேன்? அதான் பேரிங்குன்னு சொல்லிட்டுப் போனேன்.

காளீஸ்வரி: சரி. ரத்தம் குடுத்ததுக்குச் சட்டி ஏன் எடுக்கக் கூடாது?

ஜெயபாண்டி: வெறும் வயித்துல எடுக்க மாட்டாகளாம். சாப்பிட்டே ஆகணும்னுட்டாக.

காளீஸ்வரி: சாப்பிட்டீகளா?

ஜெயபாண்டி: ரெண்டு இட்லி.

காளீஸ்வரி: ம்.

ஜெயபாண்டி: ஒரு வட.

காளீஸ்வரி: வடையும் நர்ஸுதான் சொல்லுச்சா?

ஜெயபாண்டி: தம்பி மாரிசெல்வம் வாங்கியாந்தான். நாலு வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன பய, 'அண்ணே, சாப்புடுண்ணே'ன்னு எலைய நீட்டுறான். எப்பிடிடி வேணாம்ங்குறது? வாயில வைக்கப் போனா, கையில இருக்க காப்புதான் கண்ணுல படுது. தங்கலட்சுமி உசுருக்காக உன் உசுரப் பணயம் வைக்கிறமோன்னு... ஆனாலும் முழுங்கிட்டேன். அத மறைச்சுக்கிட்டு அம்மா முன்னால சட்டியோட நிக்க எனக்குத் தெம்பில்ல.

காளீஸ்வரி: அழுகாதீக.

ஜெயபாண்டி: உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

காளீஸ்வரி: ஒண்ணும் ஆகாது. கண்ணத் தொடைங்க.

ஜெயபாண்டி: கோவம் இல்லையா?

காளீஸ்வரி: அந்த வட மேல கொஞ்சம் இருக்கு.

ஜெயபாண்டி: ஏ காளி...

காளீஸ்வரி: என்ன?

ஜெயபாண்டி: என்ன புள்ள பொறந்துச்சுன்னு நீ கேக்கவே இல்ல.

காளீஸ்வரி: பொம்பளப் புள்ள. ரெண்டே முக்காக் கிலோ. தாய்க்காரி மத்தியானம் எந்திரிச்சு உக்காந்து பாலு குடிச்சிருக்கா.

ஜெயபாண்டி: உனக்கு எப்பிடி... யாரு சொன்னா?

காளீஸ்வரி: உங்க தம்பிதான். விடியுமுன்னாடி எனக்குத்தான் மொதல்ல போன் போட்டான். 'அண்ணனக் கேக்க வாய் வரல மதினி'ன்னு அழுதான்.

ஜெயபாண்டி: அப்ப அந்த நர்ஸுக்கு என் நம்பரு...

காளீஸ்வரி: அவன் போன்லயே நர்ஸக் கூப்பிட்டு நான்தான் குடுத்தேன். சத்தியம் பண்ணுன வாயால உங்கள எழுப்பி, 'போயிட்டு வாங்க'ன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாளைக்குச் சட்டிய எடுங்க, நானும் கூட நடந்து வாரேன். அம்மா கேட்டா என்னையக் கேக்கட்டும்... 'அவுக விரதம், சாப்பிட மாட்டேம்பாக, ரெண்டு இட்லியாவது சாப்பிட வச்சுட்டு ஊசியப் போடு தாயி'ன்னு நர்ஸுகிட்டச் சொன்னது நான்தான்.