சர்க்கரை தூக்கலா ஒரு டீ

— ஒரே இடத்தையே தேய்ச்சுட்டு இருக்கீங்க. வெள்ளைச் சேலைங்க அது, பழுப்பேறிடும்.

— லிஃப்ட் மோட்டாரையே பிரிச்சுப் போட்டு மாட்டுறவன் நான். ஒரு சேலை தேய்க்கத் தெரியாதா எனக்கு?

— தெரியாதுன்னு சொல்லல. பத்து நிமிஷமா முந்தானையைத் தாண்டலையேன்னுதான் சொல்றேன்.

— கர்த்தர் சுகம் குடுத்தாருன்னு சாட்சி சொல்லப் போற பொம்பளை நீ. சபை முழுக்க உன்னைத்தான் பாக்கும். ஒரு சுருக்கம் இருக்கலாமா? நீ முதல்ல அந்த டீயைக் குடி.

— குடிக்கிறேன்.

— வெச்சு கால் மணி நேரம் ஆச்சு. ஆடை படிஞ்சிடுச்சு பாரு.

— கல்யாணமாகி பதினாலு வருஷம். அதுல பதிமூணு வருஷம் அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத மனுஷன் நீங்க. இந்த எட்டு மாசமா காலையில ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. பக்கத்து வீட்டு அக்கா கேக்குறாங்க, உன் வீட்டுக்காரருக்கு என்ன மருந்து வெச்சேன்னு.

— ...நீ என்ன சொன்ன?

— சிரிச்சுட்டு வந்துட்டேன். என் தங்கச்சி கல்யாணத்துல கூட விடலையே நீங்க. சமையல்காரரைத் தள்ளி நிக்க வெச்சுட்டு, 'என் சம்சாரத்துக்கு நான்தான் போடுவேன்'னு டம்ளரைத் தூக்கிட்டு வந்தீங்க. சொந்தமெல்லாம் கை கொட்டிச் சிரிச்சுது. எனக்குப் பெருமையா இருந்துச்சு அன்னிக்கு.

— இன்னிக்கு இல்லையாக்கும்?

— இன்னிக்குச் சேலையைத் தேய்ங்க. நேரமாகுது.

— ஆராதனை பத்து மணிக்குத்தானே? மணி ஏழரைகூட ஆகல. ஏன்... இன்னிக்குப் போயே ஆகணுமா?

— என்னது?

— இல்ல, மூஞ்சியெல்லாம் வாடிக் கிடக்கு. கண்ணு வேற வீங்கியிருக்கு. அடுத்த வாரம் சொல்லிக்கலாமே. சாட்சி என்ன கெட்டுப் போற பொருளா?

— போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின மாசம் ஜுரம்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டீங்க.

— நெசமாவே ஜுரம்.

— தெர்மாமீட்டரை டீ டம்ளர்ல முக்கி எடுத்த ஜுரம்.

— ...பாத்துட்டியா?

— பாத்தேன். பொண்டாட்டி மேடை ஏறிப் பேசுறது பிடிக்கல போல, சொல்லக் கூச்சப்படுறாருன்னு விட்டுட்டேன். என் புத்தி அவ்வளவுதான் போச்சு.

— விடியக்காலம் போன் அடிச்சுதே... யாரு அது?

— தையல்காரம்மா.

— குருவியோட அம்மாவா? என்னவாம் அந்நேரத்துல?

— என்னை வரச் சொன்னாங்க. சீக்கிரம் வரணுமாம்.

— எதுக்கு சீக்கிரம்? முன் வரிசையில இடம் பிடிக்கவா? அவங்ககிட்ட வேற ஏதாவது பேசினியா?

— வேற என்ன பேசணும்?

— குருவியைப் பத்தி.

— குருவியைப் பத்தி என்ன?

— இல்ல... செவ்வாய்க்கிழமை அவங்க கடை வழியாத்தான் வந்தேன். கூப்பிட்டு நிறுத்தினாங்க. 'அண்ணே, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டம்மா சாட்சி சொல்லும்போது என் பொண்ணையும் முன்னாடி கூட்டிட்டுப் போகப் போறேன். டீச்சர் வெச்ச மாதிரியே இவளோட வலிப்பு மாத்திரையையும் சபை மேடையிலயே வெச்சிடப் போறோம்'னாங்க. பக்கத்துல குருவி நின்னுட்டு இருந்துச்சு. 'டீச்சருக்கு நின்னுடுச்சு, எனக்கும் நின்னுடும் மாமா'ன்னு சிரிக்குது.

— செவ்வாய்க்கிழமையா?

— ம்.

— செவ்வாய்க்கிழமை சொன்னாங்களா உங்ககிட்ட?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. என் ஞாயிறு வகுப்புல எதைக் கேட்டாலும் அதுதான் முதல்ல கை தூக்கும். பதில் தெரியுதோ தெரியலையோ, கை மட்டும் மேல இருக்கும். சரி, அவங்களுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்கன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. 'உங்களுக்கு விசுவாசம் கம்மி அண்ணே'ன்னு சொல்லிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

— வீட்டுக்கு வந்து என்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லத்தான் வந்தேன்...

— புதன் போச்சு. வியாழன், வெள்ளி, சனியும் போச்சு. எத்தனை டீ அது? ஒவ்வொரு தடவையும் எனக்கு எதுத்தாப்லதான் உக்காந்திருந்தீங்க.

— இப்போ சொல்றேனே. இன்னிக்குச் சாட்சி வேணாம். அந்தம்மாவுக்குப் போன் போட்டு மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாங்க.

— நான் ஏன் அப்படிச் சொல்லணும்? எட்டு மாசமா எனக்கு ஒரு தடவைகூட வரல. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா? எனக்குச் செஞ்சவரு அந்தப் பொண்ணுக்குச் செய்ய மாட்டாரா?

— செய்வாரு. ஆனா...

— ஆனா?

— எட்டு மாசம் முன்னாடி அந்த உபவாச ஜெபத்துல பாஸ்டர் ஐயா 'நம்பும்மா'ன்னுதான் சொன்னாரு. மாத்திரையை நிறுத்துன்னு அவர் வாயால சொல்லவே இல்ல. நீயா எந்திரிச்சுப் போயி மாத்திரையை மேடையில வெச்சே. கூட்டம் கை தட்டுச்சு. நானும்தான் தட்டினேன்... என்ன பண்றதுன்னு தெரியாம.

— நான் அதைக் கேக்கல.

— இஸ்திரிப் பெட்டி ரொம்பச் சூடாயிடுச்சு, இரு...

— அதைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சுகம் ஆச்சா, ஆகலையா? புருஷனா சொல்ல வேணாம். சபை முன்னாடி நின்னா என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்க.

— உனக்குச் சுகம்... ஆகலம்மா.

— ம்.

— நான்தான். டீயில. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நுணுக்கிப் போட்டேன். கசக்கும்னுதான் சர்க்கரையை அள்ளிக் கொட்டினேன்.

— எப்பலேருந்து?

— நீ கொண்டுபோய் வெச்சியே, மறுநாள் காலையிலேருந்து. ஒரு வேளைகூடத் தவறல.

— அதான் வெளியூர் வேலைக்குப் போகலையா? சூப்பர்வைசரா போடுறோம்னு கூப்பிட்டப்போ, அங்க தண்ணி ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே...

— தண்ணி எல்லா ஊர்லயும் ஒத்துக்கும். உனக்கு டீ போட யாரு இருக்கா?

— டாக்டர் எப்படி எழுதிக் குடுத்தாரு?

— மாசா மாசம் நானே போய் நிப்பேன். நோயாளி எங்கப்பான்னு கேப்பாரு. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லுவேன். 'எட்டு மாசமா திரும்பவே இல்லையா, சண்டையா?'ன்னு போன தடவை கேட்டாரு. ஆமான்னுட்டேன்.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க டீயில மறைச்சிருக்கீங்க.

— திட்டு. நல்லாத் திட்டு. அதுக்கு முன்னாடி அந்தம்மாவுக்குப் போன் பண்ணு.

— ஏங்க இப்படிச் செஞ்சீங்க?

— ஏனா? உன் கையைத் திருப்பிப் பாரு. முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும். நீ அடுப்பு மேல விழுந்தப்போ தூக்கினவன் நான். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகல.

— அப்போ கர்த்தர் மேல நம்பிக்கை இல்லை உங்களுக்கு. பயம்தான் இருந்திருக்கு.

— பயம்தான். இல்லேங்கல. நம்பிக்கையும்தான் இருந்துச்சு. இங்க பாரு, தினமும் எத்தனையோ பேர் லிஃப்ட்ல ஏறுறாங்க. கதவு மூடினதும் ஸ்தோத்திரம் சொல்றவங்களும் உண்டு, நான் பாத்திருக்கேன். அதுக்காக, அவர் காப்பாத்துவாருன்னு சொல்லி மேல ரோப்பை அறுத்து விட்டுடுவேனா? ரோப்பும் அவர் குடுத்ததுதானே.

— ரோப் இருக்குன்னு ஏறுறவங்களுக்குத் தெரியும்ல? நீங்க அதை ஒளிச்சு வெச்சுட்டீங்க. ரோப்பே இல்லாம நிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு, நான் மத்தவங்களையும் வா வான்னு கூப்பிட்டேன்.

— ஒவ்வொரு தடவை நுணுக்கும்போதும் ஜெபம் பண்ணினேன்மா. 'ஆண்டவரே, இது தப்புன்னா இந்த டம்ளரைத் தட்டி விட்டுடும்'னு கேட்டேன். ஒரு நாளும் தட்டி விடல.

— ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கேட்டிருப்பீங்க.

— ...ஆமா. அப்படித்தான் புடிச்சிருந்தேன்.

— ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமே.

— ஒரு மாசம் போகட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ தனியா பஸ் ஏறிப் போன. குளியலறைக் கதவை உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் குளிச்சே. எத்தனை வருஷம் கழிச்சு! அதுவரைக்கும் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு வெளிய காவல் நின்னவன் நான். அன்னிக்கு உள்ளேருந்து பாட்டுச் சத்தம் கேட்டுது. அதைக் கேட்டதுக்கப்புறம் வாய் வரல எனக்கு.

— அந்தப் பாட்டு பொய் இல்லைங்க.

— தெரியும்.

— யாருக்குப் பாடினேன்னுதான் இப்போ தெரியல.

— என்னை மன்னிச்சுடு. காலுல வேணும்னாலும் விழறேன். இப்போ போனை எடு. இன்னும் நேரம் இருக்கு. குருவி காலை மாத்திரையைப் போட்டிருக்கும், பத்து மணிக்குள்ள சொல்லிட்டா போதும். சபை நடுவுல நின்னு நானே சொல்றேன், அவ மேல தப்பில்ல, நான்தான் ஏமாத்தினேன்னு. உன் பேர் கெடாது.

— என் பேரா...

— சரி, போனைக் குடு. நானே பேசுறேன்.

— வேணாம்.

— ஏன் வேணாம்? கோபத்தை என் மேல காட்டு. அந்தப் பிள்ளை என்ன பண்ணுச்சு?

— புதன்கிழமை ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கப் போனேன். ஞாயித்துக்கிழமை நிறுத்தப் போறோம் டீச்சர்னாங்க. நம்பிக்கை வெச்சவங்களுக்கு நாள் நட்சத்திரம் எதுக்கு, இன்னிக்கே நிறுத்த வேண்டியதுதானேன்னு நான்தான் கேட்டேன்.

— ...புதன்கிழமையா?

— குருவி உள்ள ஓடிப் போயி, மாத்திரையைக் கொண்டு வந்து என் கையில குடுத்துச்சு. இன்னும் என் கைப்பையிலதான் கிடக்கு.

— அய்யோ... நாலு நாளா மாத்திரை இல்லாமலா இருக்கு? எந்திரி. சேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வண்டியை எடுக்கிறேன், இப்பவே போயி...

— உக்காருங்க.

— என்ன உக்காருங்க? அதுக்கு வந்துடுச்சுன்னா?

— உங்க டூல்ஸ் பெட்டியில, கிரீஸ் டப்பாவுக்கு அடியில. பிளாஸ்டிக் பையில சுத்தி நாலு அட்டை. ஒரு அட்டையில பாதி காலி.

— ...அது எப்படித் தெரியும் உனக்கு? நான் எங்க வெச்சேன்னு சொல்லவே இல்லையே.

— போனை வெச்சதும் வீடு பூரா தேடினேன். அரிசி டப்பா, அலமாரி, உங்க சட்டைப் பை. கடைசியாத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். நீங்க அடுப்படியில எனக்கு டீ போட்டுட்டு இருந்தீங்க.

— அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம்...

— நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பாத்தேன்.

— ஏன் தேடின? திடீர்னு இன்னிக்கு ஏன் தேடின?

— எனக்கு நின்ன வலிப்பு குருவிக்கு ஏன் நிக்கலன்னு தெரியணும்ல.

— ...தையல்காரம்மா போன்ல என்னம்மா சொன்னாங்க?

— ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் மூச்சு இருந்துச்சாம். இப்போ வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. அந்தம்மா அழவே இல்லைங்க. 'யாருக்கும் இன்னும் சொல்லல டீச்சர், நீங்க சீக்கிரம் வந்து கை வெச்சு ஜெபம் பண்ணுங்க, எந்திரிச்சுடுவா'ன்னு சொன்னாங்க... அந்தச் சேலையை இப்படிக் குடுங்க, போதும் தேய்ச்சது. டீ வேணாம். மாத்திரையை என் கையில குடுங்க. நடந்ததை அவங்ககிட்ட சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் விழுந்துடக் கூடாது.