சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம்

விச்செட்: ஒண்ணுக்குப் போறதுக்குமா பொண்டாட்டிகிட்ட அனுமதி வாங்கணும்?

மாலிஸ்: எங்கிட்ட இல்ல, காட்டுகிட்ட. “தாத்தா பாட்டி, பேரப்புள்ள வந்திருக்கேன், கொஞ்சம் ஒதுங்கிக்கங்க”ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நாக்கு தேஞ்சா போயிடும்?

விச்செட்: நோம்பென் பட்டணத்துல சுவத்தோரம் நிக்கறப்ப இதெல்லாம் யாரும்...

மாலிஸ்: வெக்கமில்லாம அத வேற சொல்லு. சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க இவருக்கு.

சரூன்: வாடகைக்கு வண்டி ஓட்டறதோட என் வேலை முடிஞ்சுது மகளே. புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்துக்கு நான் வரல.

விச்செட்: பாத்தியா? சித்தப்பா என் கட்சி. இதோ, அந்தப் புதர் வரைக்கும்தான்.

மாலிஸ்: போ, போ... ஏன் சித்தப்பா, உங்க வீட்டுல சித்தி சொன்னாலும் இப்பிடித்தான் காதுல வாங்காமப் போவீங்களா?

சரூன்: சித்தியா... அவ எல்லை தாண்டி தாய்லாந்துக்குக் கரும்பு வெட்டப் போனவ. போனவ போனவதான்.

மாலிஸ்: ஐயோ... தெரியாமக் கேட்டுட்டேன்.

சரூன்: அதெல்லாம் பழைய கதை. முகமே மறந்து போச்சு. அது கிடக்கட்டும்... பையில என்ன?

மாலிஸ்: எந்தப் பை?

சரூன்: நீ மேல ஏறி உக்காந்திருக்கியே, அந்தப் பை. ரெண்டு பேரா சேந்து தூக்கி ஏத்துனீங்க. நான் கை வெச்சா பதறுறீங்க.

மாலிஸ்: அது... படையலுக்கு. வாழைப்பழம்.

சரூன்: வாழைப்பழமா! என் வண்டி அச்சு முனகுது.

மாலிஸ்: தேங்காயும் இருக்கு.

சரூன்: ம்... தேங்காய் உடைக்கத்தான் உளியும் சுத்தியும் போல.

மாலிஸ்: ...எட்டிப் பாத்தீங்களா?

சரூன்: நான் எதுக்குப் பாக்கறேன்? பள்ளத்துல வண்டி குலுங்குச்சு, அதுவே எட்டிப் பாத்துது. ப்ரெயா விஹெயர் மாகாணத்துக்கு வர்றவங்க மலைமேல இருக்கற பெரிய கோயிலுக்குப் போவாங்க. போட்டோ எடுப்பாங்க. நீங்க என்னடான்னா, ஸ்வாய் குளத்துக் கோயில்தான் வேணும், வேற எதுவும் வேணாம்ங்கறீங்க. இந்தக் கோயில் பேரே எங்க ஊரத் தாண்டி யாருக்கும் தெரியாது.

மாலிஸ்: கேள்விப்பட்டோம்... நியாங் தெப்னு ஒரு அம்மன் சிலை இருக்காம். ரொம்ப சக்தியாம்...

சரூன்: யாரு சொன்னது?

மாலிஸ்: அது வந்து...

விச்செட்: மாலிஸ்!

மாலிஸ்: என்னய்யா, தண்ணி வேணுமா?

விச்செட்: மாலிஸ்... கால்ல... டக்குனு ஏதோ...

சரூன்: நில்லு! அசையாத! அங்கயே நில்லு!

விச்செட்: நி... நிக்கறேன்.

சரூன்: உனக்குப் பக்கத்துல, கொடி படந்திருக்கே, அதுக்குள்ள என்ன இருக்கு பாரு. காலை நகத்தாதடா, கழுத்த மட்டும் திருப்பு!

விச்செட்: பலகை... சிவப்புப் பலகை. மண்டை ஓடு போட்டிருக்கு. “ஆபத்து... கண்ணிவெடி...”

மாலிஸ்: ஐயோ! ஐயோ சாமி! விச்செட்!

சரூன்: நீ எங்க ஓடற? உக்காரு! ரெண்டு பேரும் போய்ச் சேரணுமா?

மாலிஸ்: எங்கயாவது போன் போடுங்க சித்தப்பா! வெடி எடுக்கறவங்க இருப்பாங்களே!

சரூன்: இங்க போன்ல மணிதான் பாக்கலாம். சிக்னல் கிடையாது.

விச்செட்: என் கால் நடுங்குது...

சரூன்: நடுங்கட்டும். காலை மட்டும் எடுத்துடாத. எடுத்தாத்தான் வெடிக்கும்.

மாலிஸ்: சொன்னேனே! காட்டுகிட்ட ஒரு வார்த்தை கேளுன்னு சொன்னேனே!

விச்செட்: இப்பக் கேக்கறேன்! தாத்தா, பாட்டி, பேரப்புள்ள வந்திருக்கேன்...

மாலிஸ்: போயிட்டு வந்தப்பறம் கேட்டா?

விச்செட்: இன்னும் போகவே இல்லடி!

சரூன்: கொஞ்சம் சும்மா இருங்க. சிகரெட் பத்த வெச்சுக்கறேன்.

மாலிஸ்: சித்தப்பா... ஒரு மனுஷன் உசுருக்குப் போராடறான்... நீங்க காலை நீட்டி உக்காந்துட்டு...

சரூன்: நான் எழுந்து நின்னா வெடி அமுங்கிடுமா? இங்க பாரு மகளே, இது நியாங் தெப் மண்ணு. இங்க வந்து நிக்கறவன் எதுக்கு வந்தான்னு அவளுக்குத் தெரியும். உண்மையச் சொன்னா காலை விடுவா. இல்லன்னா விடமாட்டா. எதுக்கு வந்தீங்க?

மாலிஸ்: சாமி கும்பிடத்தான்...

சரூன்: உளியோடயா?

விச்செட்: சொல்லித் தொலைடி!

மாலிஸ்: அப்பா சத்தியம் வாங்கியிருக்கார். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு...

விச்செட்: உங்கப்பாவுக்குக் கழுத்துதான் போச்சு. எனக்குக் காலே போகப் போகுது!

சரூன்: நானே சொல்லவா? நியாங் தெப் தலைய அறுத்துப் பையில போட்டுட்டுப் போக வந்திருக்கீங்க. உங்கள மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்... மூஞ்சியப் பாத்தா பால் குடிக்கற பூனை.

மாலிஸ்: தலைய அறுக்க வரல சித்தப்பா.

சரூன்: பின்ன?

மாலிஸ்: தலைய... வெக்க வந்தோம்.

சரூன்: வெக்கவா?

மாலிஸ்: பையில இருக்கறது அதுதான். நியாங் தெப்போட தலை.

சரூன்: என்னது... என்ன சொல்ற நீ?

மாலிஸ்: சித்தப்பா, சிகரெட்... லுங்கியில விழுந்துடுச்சு, பத்திக்கப் போகுது!

சரூன்: அது கிடக்கட்டும்! யாரு... யாரு குடுத்தா உனக்கு?

மாலிஸ்: எங்க வீட்டுல இருந்துச்சு. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப இருந்து டிவி மேலதான் இருந்துச்சு. அப்பா அதுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வெச்சிருப்பார், வர்றவங்க சிரிக்கறதுக்கு. விலைக்கு வாங்கினதுன்னு சொல்வார்...

விச்செட்: முழுசாச் சொல்லு, முழுசாச் சொல்லு. காலு மரத்துப் போச்சு.

மாலிஸ்: அப்பா அப்ப இந்தப் பக்கம் மரலாரி ஓட்டினார். வாங்கல சித்தப்பா... அவரேதான் அறுத்தார். போன மாசம்தான் அத வாய் திறந்து சொன்னார். இப்ப அவருக்குக் கழுத்து நிக்கல. தலையணை வெச்சு முட்டுக் குடுத்தாத்தான் தலை நிக்குது. டாக்டர் நரம்புங்கறார். அப்பா, “அவதான், அவ தன் தலையக் கேக்கறா”ன்னு அழறார். “உன் கையால கொண்டுபோய் அந்தக் கழுத்துல வெச்சுடு, அப்பதான் என் உசுரு நல்லபடியாப் பிரியும்”ங்கறார். உளி அந்தக் கழுத்தச் சமனாச் செதுக்கத்தான், வேற ஒண்ணும் இல்ல. இதுதான் உண்மை. உங்க நியாங் தெப்ப இப்ப என் புருஷன் காலை விடச் சொல்லுங்க!

சரூன்: ...தம்பி.

விச்செட்: ம்?

சரூன்: காலை எடுத்துட்டு வா.

விச்செட்: என்ன?

சரூன்: வாடான்னா. மீன் டப்பா அது. நான் தின்னுட்டு வீசினது.

விச்செட்: மீன்... டப்பாவா?

மாலிஸ்: கண்ணிவெடி?

சரூன்: எடுத்து முடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. அவங்க விட்டுட்டுப் போன பலகை ஒண்ணு கிடந்துது, நான் நட்டு வெச்சேன்.

விச்செட்: காலை எடுத்தாத்தான் வெடிக்கும்னீங்களே!

சரூன்: அது சினிமாவுல. நிஜத்துல மிதிச்சாலே வெடிச்சுடும். எங்க ஊர்ல பால் குடிக்கற குழந்தைக்கும் தெரியும்.

மாலிஸ்: நீங்க மனுஷனா சித்தப்பா? என் உசுரே போயிடுச்சு! இதோ, கைய வெச்சுப் பாருங்க, இன்னும் அடிச்சுக்குது!

விச்செட்: எனக்கு இப்ப ஒண்ணுக்கே வரல...

சரூன்: திட்டு மகளே, திட்டு. திருட வந்தவங்கன்னு நெனச்சுட்டேன். உண்மை வரட்டும்னுதான் நிக்க வெச்சேன்.

மாலிஸ்: அப்ப ஊர்க்காரங்களுக்கு இது தெரியுமா?

சரூன்: அவங்களுக்கும் வெடிதான். இந்தப் பலகைகிட்டயே நின்னு ஊதுபத்தி ஏத்திட்டுத் திரும்பிடுவாங்க. என்னத் தவிர யாரும் தாண்டினது இல்ல.

விச்செட்: நல்ல காவல்தான். சரி, பையத் தூக்கு மாலிஸ். வேலைய முடிச்சுட்டுப் போயிடலாம்.

சரூன்: இரு, இரு. எதுக்கு நீங்க கஷ்டப்படணும்? இங்கயே இறக்கி வெச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்.

மாலிஸ்: என் கையால வெக்கணும்னு சொன்னேனே.

சரூன்: கோயிலெல்லாம் இடிஞ்சு கிடக்கு. பாம்பு வேற.

விச்செட்: முதல்ல வெடி, இப்ப பாம்பு. அடுத்தது புலியா சித்தப்பா?

சரூன்: பிக்குகிட்டக் குடுத்துடலாம். மடத்துல வெச்சுப் பூசை பண்ணுவாங்க...

மாலிஸ்: மடத்துல வெக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? எங்கப்பா அங்க உசுரப் புடிச்சுட்டுக் கிடக்கார். நீங்க வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா இங்கயே உக்காந்து இன்னொரு சிகரெட் புடிங்க.

சரூன்: மகளே... சொன்னாக் கேளு... மகளே!

விச்செட்: அந்த மரத்தடியில தெரியுதே, அதுதானா? வேர் சுத்திப் புடிச்சிருக்கு பாரு.

மாலிஸ்: மெதுவாப் புடி. கீழ போட்டுடாத. இந்தக் கல் மேல வை... விச்செட்.

விச்செட்: என்ன?

மாலிஸ்: தலை இருக்கு.

விச்செட்: இருக்குதானே, பையிலதான...

மாலிஸ்: பையில இல்ல! சிலைக்கு! சிலைக்குத் தலை இருக்கு!

விச்செட்: ...ஆமா! அட... ஆமா!

மாலிஸ்: அப்ப இது என்ன? இவ்வளவு நாள் எங்க வீட்டுல இருந்தது யாரு தலை?

விச்செட்: உங்கப்பா வேற கோயில்ல அறுத்துட்டு இடத்த மாத்திச் சொல்லிட்டாரா?

மாலிஸ்: சாகக் கிடக்கறவர் பொய் சொல்வாரா? குளத்தச் சொன்னார், வேர் சுத்தின மரத்தச் சொன்னார். எல்லாம் சரியாத்தான இருக்கு... சித்தப்பா, வந்துட்டீங்களா? என்ன இது?

சரூன்: பையத் திற. பாக்கறேன்.

மாலிஸ்: இந்தாங்க.

சரூன்: ...இடது காது நுனி உடைஞ்சிருக்கு. அவதான். நியாங் தெப்தான் இது.

மாலிஸ்: அப்ப அங்க இருக்கறது?

சரூன்: சிமெண்டு. நான் செஞ்சது.

விச்செட்: நீங்களா?

சரூன்: ஒருநா காலையில பூ வெக்க வந்தேன். கழுத்து மட்டும் நின்னுது. அறுத்த இடம் வெள்ள வெளேர்னு... ஊருக்கு எப்படிச் சொல்ல? அந்த வருஷம் மழை இல்ல. பாதிப் பேரு தாய்லாந்துக்குக் கிளம்பிப் போயிருந்தாங்க. சாமியும் போயிடுச்சுன்னா மீதிப் பேரும் போயிடுவாங்க. அதான் நானே குழைச்சு, நானே வெச்சேன். பக்கத்துல வந்தாத் தெரிஞ்சுடும்னு பலகைய நட்டேன்.

மாலிஸ்: சித்தப்பா...

சரூன்: மழை பெஞ்சுது. தூரத்துல இருந்து கும்பிட்டாலும் சிமெண்டக் கும்பிட்டாலும் பெய்யற மழை பெய்யுது.

விச்செட்: அதுக்கா இவ்வளவு தயக்கம்? இதுல என்ன வெக்கம், ஊருக்கு நல்லதுதான பண்ணியிருக்கீங்க. சரி, சிமெண்டுன்னா சுலபம். ரெண்டு அடி போட்டா வந்துடும். உளிய எடு மாலிஸ்.

மாலிஸ்: இரு. இந்த முகத்தப் பாரேன்.

விச்செட்: என்ன முகத்துக்கு?

மாலிஸ்: நாம கொண்டுவந்த தலையில கண்ணு கீழ பாக்குது, உதடு மூடியிருக்கு, அம்மன் மாதிரி இருக்கு. இது... நேராப் பாத்துச் சிரிக்குது. பல்லு ஒண்ணு மேல ஏறியிருக்கு. ஒரு கன்னத்துல மட்டும் குழி.

விச்செட்: கைக்கு வந்தது அவ்வளவுதான். சிற்பியா அவரு?

மாலிஸ்: உதட்டுல சாயம் பூசியிருக்கு. கழுத்துல புதுத் துண்டு, மடிப்புக் கூடக் கலையல...

விச்செட்: பொழுது போகுதுடி. தள்ளு. இதோ ஒரே அடி...

சரூன்: அடிக்காத!

விச்செட்: ஐயோ! என்ன சித்தப்பா, மறுபடியும் வெடியா?

சரூன்: கைய எடு. அந்தக் கழுத்துல இருந்து கைய எடு!

மாலிஸ்: சித்தப்பா, என்ன ஆச்சு? ஏன் அழறீங்க?

விச்செட்: சிமெண்டுதான சித்தப்பா...

மாலிஸ்: நீ சும்மா இரு. ...சித்தப்பா, ஊர்க்காரங்க பக்கத்துல வந்தா, சிமெண்டுங்கறது மட்டுமா தெரிஞ்சிருக்கும்? யாரு இது?

சரூன்: உளிய எங்கிட்டக் குடு தம்பி. அப்பாவுக்காக வந்த புள்ள, நீ வெக்க வேண்டியத வெச்சுத்தான் ஆகணும் மகளே, நான் தடுக்கல. நானே மெதுவா இறக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க... முகம் மறந்து போச்சுன்னு சொன்னேன் பாரு, அதுவும் அந்தப் பலகை மாதிரிதான். அது என் பொண்டாட்டி.