அஞ்சலாட்சி அடிச்ச எட்டு ஆணி

ரொம்ப வருசத்துக்கு முன்ன, நெடுங்கொல்லையில கரண்டுக் கம்பமே நடாத காலத்துல, அஞ்சலாட்சின்னு ஒருத்தவங்க இருந்தாங்க. எங்க கொள்ளுத்தாத்தா பாவாடைக்கு அண்ணி. எங்களுக்கு நேர் ரத்தம் கிடையாது. ஏன்னா அவங்களுக்குப் புள்ளையே பொறக்கல. இத மொதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதையக் கேக்குறவங்க எல்லாரும் கடைசியில புள்ள பொறந்துரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. பொறக்கல. இப்பக் கேளுங்க.

அவங்க வூட்டுக்காரர் இருசப்பன். தம்பி பாவாடையோட சேந்து, குழி வெட்டி, ஒருத்தர் மேல நின்னு ஒருத்தர் கீழ நின்னு, கையால மரம் அறுத்தவர். அப்புறம் தனகோட்டி முதலாளி ஆயில் எஞ்சின் வச்சு மில்லு போட்டாரு. மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம், ரெண்டையும் சுத்தி நாடா மாதிரி ஓடுற ரம்பம். பட்டை ரம்பம்னு சொல்லுவாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் குழியிலேர்ந்து ஏறி மில்லுக்குப் போனாங்க.

பலா அறுக்குற அன்னைக்கு மில்லே மஞ்சளாயிருமாம். தூள் பறந்து பறந்து, பக்கத்து வூட்டு வெள்ளாடு கூட மஞ்சளாத்தான் நிக்குமாம். கொஞ்சம் தேன் வாசனை, கொஞ்சம் புளிச்ச வாசனை. அறுத்துட்டு வர்ற ஆம்பளைங்க சட்டையத் தொவைக்கவே மனசு வராதுன்னு அந்தக் காலத்துப் பொம்பளைங்க சொல்லுவாங்களாம். எங்க வூட்டுல இந்தக் கதைய யார் ஆரம்பிச்சாலும் இந்த எடத்துல கொஞ்ச நேரம் நின்னுருவாங்க. நான் நிக்கல.

கை ரம்பம் ஆணியில பட்டா கையிலேயே தெரியும். நிறுத்திடலாம். பட்டை ரம்பம் நிக்காது. அறுந்து சாட்டை மாதிரி வீசும். பக்கத்துத் தாலுக்காவுல ஒரு மில்லுல அப்படி அறுந்து, ஒருத்தருக்குத் தோளோட கை போயிருச்சாம். இது ஊருக்கே தெரியும். அஞ்சலாட்சிக்கும் தெரியும்.

இப்ப மரத்துக்கு வர்றேன். அவங்க கொல்லையில ஒரு பலா. காய்க்காத பலா. காய்க்காத பலாவுக்கு அடிமரத்துல இரும்பாணி அடிச்சா காய்க்கும்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். குறி சொல்ற கிழவி ஒருத்தி வந்தா. "மரமும் நீயும் ஒண்ணுடி. வருசத்துக்கு ஒரு ஆணி அடி. அது காய்க்கிற வருசம் நீயும் காய்ப்ப. யாருக்கும் சொல்லிடாத"ன்னா. ஒரு படி நெல்லு வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

மூணாவது ஆணிக்கு மரம் காய்ச்சுது. வேருல காய்ச்சுது, தண்டுல காய்ச்சுது, கெளையில காய்ச்சுது. ஊருக்கே சுளை. அஞ்சலாட்சிக்கு ஒண்ணும் இல்ல. அப்பயும் அவங்க வுடல. எட்டு வருசம், எட்டு ஆணி. அப்புறம் கை ஓஞ்சு வுட்டுட்டாங்க.

வூட்டுக்காரர்கிட்ட மூச்சு வுடல. ஏன்னா இருசப்பன் ஒரு நாள் சொல்லிட்டாரு: "எனக்குப் புள்ள குட்டி ஒண்ணும் வேணாம். நீ இருந்தா போதும். இந்தப் பேச்ச வுடு." அப்படிச் சொன்ன மனுசன்கிட்டப் போயி, நான் இன்னும் வுடலைங்கன்னு எப்படிச் சொல்றது?

வருசம் போச்சு. பத்துப் பன்னண்டு வருசம். மரம் பெருத்துப் பெருத்து ஆணி எல்லாத்தையும் முழுங்கிருச்சு. ஒரு புயல்ல மரம் சாஞ்சுது. தஞ்சாவூர்லேர்ந்து வீணை செய்யிற கலியமூர்த்தி ஆசாரி வந்தாரு. வெரலை மடக்கித் தட்டிப் பாத்தாரு. காதை வச்சுக் கேட்டாரு. "இத எனக்குக் குடுத்துடுங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க"ன்னாரு. கோடாலியால நாலு பக்கமும் செதுக்கி, கட்டையாக்கி, மில்லு நிழல்ல ஒரு வருசம் ஆற வச்சாங்க. செதுக்குன சிராய் எல்லாம் அடுப்பெரிக்க வூட்டுக்கு வந்துச்சு.

அஞ்சலாட்சி என்ன நெனச்சாங்க? ஆணி எல்லாம் மேலாப்புலதான் இருக்கும், சிராயோட வந்துருக்கும்னு நெனச்சாங்க. தினம் அடுப்பெரிச்சு, தினம் சாம்பலை முறத்துல கொட்டிக் கிளறுவாங்களாம். இன்னைக்கு வந்துரும். வரல. நாளைக்கு வந்துரும். வரல. ஒரு வருசம் சாம்பல் கிளறுனாங்க. கடைசிக் கட்டுச் சிராயை எரிச்ச காலையிலதான் ஆசாரி பலகை அறுக்க வந்து மில்லுல நின்னாரு. அந்தச் சாம்பல்லயும் ஆணி இல்ல.

மில்லு எஞ்சின் 'டப்பு டப்பு'ன்னு புடிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஓடுனாங்க.

பொம்பளைங்க மில்லுக்குள்ள போவுற பழக்கம் அப்ப கெடையாது. இவங்க சாம்பல் கையோட உள்ள போயி, வண்டியில ஏத்தி ரம்பத்துக்கு நவுத்திக்கிட்டிருந்த கட்டை மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு நின்னாங்க.

"அண்ணி, நவுரு! வண்டி ரம்பத்துக்குப் போவுது!" பாவாடை கத்துனாரு.

"நிறுத்து. இதுல ஆணி இருக்குது. எட்டு."

இருசப்பன் எஞ்சினை அமத்துனாரு.

தனகோட்டி முதலாளி வந்தாரு. "யாரு அடிச்சது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

அங்க இருந்த அத்தன பேரு கொல்லையிலயும் பலா இருந்துச்சு. எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

பாவாடைக்கு மட்டும் வாய் சும்மா இருக்கல. "மரத்துல எட்டு சரி அண்ணி, அண்ணன் மண்டையில எத்தன அடிச்சிருக்க?"ன்னு கேட்டாரு. ஒருத்தரும் சிரிக்கல. அன்னைக்கு அந்த வாய மூடியிருக்கலாம்னு சாவுற வரைக்கும் சொல்லுவாராம் எங்க கொள்ளுத்தாத்தா.

"எங்கெங்க அடிச்சன்னு தெரியுமா தாயி?"ன்னு ஆசாரி கேட்டாரு.

அப்பத்தான் அந்தக் காரியம் நடந்துச்சு. அஞ்சலாட்சி முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கட்டைக்குப் பக்கத்துல அந்த மஞ்சத் தூள்ல நீட்டிப் படுத்தாங்க. மரம் எப்படி நின்னுச்சோ அப்படி, அடிப்பக்கம் காலு, நுனிப்பக்கம் தலை. அத்தன ஆம்பளைங்க சுத்தி நிக்கிறாங்க. இவங்க மல்லாந்து கெடந்து கையக் காட்டுறாங்க. "மொதல் வருசம் என் இடுப்பு உசரம். அடுத்தது ஒரு சாண் மேல. அடுத்தது தோளு. வூட்டுலேர்ந்து பாத்தா தெரியாத பக்கமா அடிச்சேன்."

பாவாடை உளி வச்சுத் தோண்டுனாரு. நாலு வெரக்கடை ஆழத்துல மரம் கறுத்திருந்துச்சு. கறுப்புக்குள்ள ஆணி. ஒண்ணு. ரெண்டு. மூணு. அவங்க கை காட்டுன எடத்துல எல்லாம் இருந்துச்சு. எட்டும் வந்துச்சு.

"அவ்வளவுதானே? எஞ்சினைப் போடு!" தனகோட்டி முதலாளிக்குப் பொறுமை கெடையாது.

ஆசாரி சொன்னாரு: "இந்தப் பக்கம் தோண்டிக் கொதறியாச்சு. கட்டையைப் புரட்டிப் போடுங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து பலகை எடுத்துக்கறேன்."

கடப்பாரை குடுத்துப் புரட்டுனாங்க. இருசப்பன் எஞ்சின் கைப்பிடியப் புடிச்சாரு. சுத்தல. அப்படியே நிக்கிறாரு.

"போடு இருசா!"

சுத்தல.

அஞ்சலாட்சிக்கு அழுகை வந்துருச்சு. தன்னை நம்பலன்னு நெனச்சுக்கிட்டாங்க. "நான் அடிச்சது எட்டுதாங்க. சத்தியமா எட்டுதான்."

"உன்னுது எட்டுதான்"ன்னாரு இருசப்பன். "அது போவ ஒண்ணு இருக்குது."

கைப்பிடிய வச்சுட்டு வந்து, புரட்டிப் போட்ட பக்கத்துல ஒரு எடத்தத் தொட்டுக் காட்டுனாரு. அவரு நெஞ்சு உசரம் இருக்கும். காலையில அவரே அந்த ஆணிப் பக்கம் ரம்பம் தொடாம கடைசிக் கழிவுப் பலகையோட போவுற மாதிரி பாத்துப் பாத்துக் கட்டையை வச்சிருந்தாரு. ஒருத்தருக்கும் சொல்லாம முடிச்சிரலாம்னு இருந்தாரு. இப்பப் புரட்டுனதுல அது நேரா ரம்பத்துக்கு வந்துருச்சு.

"நீங்களா?"

"நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தப்ப."

"புள்ளையே வேணாம்னீங்களே."

"சொன்னேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டுத்தான் அடிச்சேன்."

"இவ்வளவு நேரமா இத்தன பேருக்கு முன்னால படுத்துக் கெடந்தனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வாய் வரல புள்ள."

அஞ்சலாட்சி பாவாடை கையிலேர்ந்து உளியப் புடுங்கி வூட்டுக்காரர் கையில குடுத்தாங்க. "நீங்களே எடுங்க"ன்னாங்க. அவரு குனிஞ்சு தோண்டுனாரு. இவங்க பக்கத்துல உக்காந்து தூளை ஊதி ஊதி வுட்டாங்க. ஆணி வந்துச்சு. எட்டை வுட இது பெருசு. அதப் பாத்துட்டு அவங்களுக்குத்தான் மொதல்ல சிரிப்பு வந்துச்சாம். "இவ்வளவு பெருசா அடிச்சிருக்கீங்க!" அப்புறம் அவரும் சிரிச்சாரு. உடம்பெல்லாம் மஞ்சளா ரெண்டு பேரும் தரையில உக்காந்து சிரிச்சாங்க. முதலாளி நேரம் போவுது நேரம் போவுதுன்னு கத்துனது ஒருத்தர் காதுலயும் வுழல. அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அப்புறம் கேக்கவே இல்லன்னு கொள்ளுத்தாத்தா சொல்லுவாராம். சொல்லிட்டு வெளிய எந்திரிச்சுப் போயிருவாராம்.

அப்புறம் எஞ்சின் ஓடுச்சு. பலகை மெல்லிசா, கண்ணாடி மாதிரி வந்துச்சு. ஆசாரி தட்டிப் பாத்து, துணி சுத்தி, ரயிலேறிப் போனாரு. அது வீணையாச்சா, யாரு வாசிச்சாங்க, எங்களுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு கதை கட்டிச் சொல்றவங்க இருக்காங்க. அது பொய்.

நெடுங்கொல்லை மில்லுல இன்னைக்கும் 'ஆணி சொல்றது'ன்னு ஒண்ணு இருக்குது. வேற ஊர் மில்லுல பாக்க முடியாது. மரம் யாருதோ அவங்க வூட்டோட வரணும். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கட்டை மேல கை வச்சு, இதுல என்ன இரும்பு இருக்குதுன்னு சொல்லணும். எதுக்கு அடிச்சீங்கன்னு கேக்கக் கூடாது. இரும்பைத் தேடுற கருவி எல்லாம் இப்ப வந்துருச்சு. வந்தும் வுடல. அவங்க சொல்லி முடிச்சதும் அறுக்குறவர் ஒரே ஒரு கேள்வி கேப்பாரு.

"அது போவ?"

கேட்டுட்டு சுவிட்சு மேல கைய வச்சுக்கிட்டு நிப்பாரு. பாதி நாளு ஒண்ணும் இருக்காது. ஆனா அந்த ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் திரும்பிப் பாப்பாங்க. அதுக்கப்புறந்தான் ரம்பம் ஓடும்.